பிளெக்ஸ் அடிக்கும் ஊரில் டிசைனர் கையில் என்ன இருக்கிறது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற டிசைன் என்று பேச்செடுத்தாலே மூங்கில் பல்துலக்கி, ஜப்பான் பொட்டலம், பெங்களூரு கஃபே என்று எங்கோ போய்விடுகிறது. மதுரையில் டிசைன் வேலை பார்க்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் கையில் ஓடுவது காதுகுத்து பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ், ஜவுளிக்கடைப் பை. இந்த நாலைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் பிளெக்ஸ். நடுவில் பாலியெஸ்டர் வலை, இரண்டு பக்கமும் பிவிசி பிளாஸ்டிக். இரண்டும் ஒட்டிக் கிடப்பதால் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு. நம்ம ஊருக்கு இதில் ஒரு தனிக் கதையே இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவை வைத்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தவர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, துருவிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் உருகிப் பூச்சு போலப் படிந்துகொள்ளும், அப்புறம் தார். கேரி பேக், பால் கவர், தெர்மாகோல் எல்லாம் போகும். பிளெக்ஸ் மட்டும் போகாது. அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும் என்பதால் பிவிசியும் பிளெக்ஸும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது என்று அந்த முறையின் விதியிலேயே இருக்கிறது.

ஆக, மதுரை கண்டுபிடித்த ரோட்டில் மதுரை அதிகம் அடிக்கிற பிளாஸ்டிக்குக்கு இடமில்லை. விழா முடிந்ததும் அது மாட்டுக்கொட்டகைக் கூரையாகிறது, லாரி மேல் தார்ப்பாயாகிறது. கிழிந்தபின் கடைசியில் எங்காவது ஓடைக்கரையில் கொளுத்தப்படுகிறது. கொளுத்தினால் டையாக்சின் என்ற நச்சு.

அரசாங்கம் தடை செய்யட்டும் என்று எழுதாதீர்கள், அதைப் பேச வேறு இழைகள் இருக்கின்றன. பைலை பிரிண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், நம் மேஜையில் இருக்கும்போதே, என்ன மாற்ற முடியும்? மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

---

நாலுகலர்

சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். மதுரை டிசைனர்கள் அனுப்பும் பைல்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேப்பர் சைஸ் தெரியாமல் டிசைன் செய்கிறீர்கள். 20க்கு 30 அங்குல ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார்டு வெட்டிய அளவில் 9.5க்கு 7 என்றால் ப்ளீட் (வெட்டப்படும் ஓரம்), கிரிப்பர் (மெஷின் பிடிக்கும் ஓரம்) எல்லாம் போக ஒரு ஷீட்டில் எட்டு விழும். பார்க்க இன்னும் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று அதை 10.25க்கு 7 ஆக்குகிறீர்கள். எவ்வளவு திருப்பித் திருப்பிப் போட்டாலும் ஆறைத் தாண்டாது. முக்கால் அங்குலக் கம்பீரத்துக்காக ஒவ்வொரு ஷீட்டிலும் இரண்டு கார்டு குப்பைக்கு. பார்ட்டிக்கும் (வாடிக்கையாளருக்கும்) காசு நட்டம், உங்களுக்கும் ஒரு பைசா லாபமில்லை. பைலைத் திறக்கும் முன் பிரஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு, "எந்த ஷீட்டில் ஓட்டப் போறீங்க?" என்று கேளுங்கள். அவ்வளவுதான் வேலை.

அடுத்தது லேமினேஷன். மேட், வெல்வெட், கிளாஸ் என எந்தப் பெயரில் கேட்டாலும் அது பேப்பர் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம். பேப்பர் மில்லில் கூழாக்கும்போது அந்தப் படலம் தனியாகத் திரண்டு கழிவாக நிற்கும். வார்னிஷ் அல்லது தண்ணீர் சார்ந்த கோட்டிங் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மடிப்பில் மை வெடிக்கிறது என்பதற்காகத்தான் பலர் லேமினேஷன் கேட்கிறார்கள். மடிப்பு விழும் இடத்தில் அடர் நிறம் வைக்காமல் டிசைன் செய்தால் வெடிப்பே கண்ணில் படாது. இது டிசைனர் கையில் இருக்கும் விஷயம், எங்கள் கையில் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த ஒருமுறை பிளாஸ்டிக் தடையில் ஸ்வீட் பாக்ஸ் மேலும் பத்திரிகை மேலும் சுற்றுகிற பிளாஸ்டிக் பேப்பரும் அடக்கம். இன்னும் மாக்கப் (மாதிரிப்) படத்தில் பளபளவென்று சுற்றிக் காட்டுகிறீர்கள். பார்ட்டி அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து அதேதான் வேண்டும் என்று நிற்கிறார்.

---

கோரல்_அடிமை

வைகைக்கரை அண்ணே, நல்ல எண்ணம்தான். ஆனால் என் கடையில் வந்து ஒரு நாள் உட்காருங்கள். காலையில் ஒருத்தர் வருவார், 10க்கு 8 அடி, அண்ணன் பிறந்தநாள், சுற்றி 32 முகம், சாயங்காலத்துக்குள் கட்டணும் என்பார். "அண்ணே, பிவிசி மண்ணுக்குக் கேடு" என்றா சொல்ல முடியும்? நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மெஷினுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த 2022 தடையைச் சொன்னீர்களே, அதில் பேனருக்குப் போட்ட வரம்பு 100 மைக்ரான். சாதாரண பிளெக்ஸ் அதைவிடத் தடிமன். சட்டமே கண்டும் காணாமல் விட்டதை டிசைனர் தலையில் கட்டுவது நியாயமா?

உபதேசம் வேண்டாம். பார்ட்டி போகாமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

---

பழைய_தூரிகை

நான் பிரஷ் பிடித்துப் பிழைத்தவன். சுவர் எழுத்து, துணி பேனர், கடை போர்டு எல்லாம். பிளெக்ஸ் வந்தபின் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பெயிண்டிங் கான்ட்ராக்ட்டுக்குப் போனார்கள், மீதிப் பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள்.

ஆனால் அந்தக் காலம் சுத்தத் தங்கம் என்று யாரும் எழுத வேண்டாம். நாங்கள் கரைத்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். டர்பன்டைனில் கை கழுவிவிட்டு அதே கையால் வடை தின்றோம்.

துணி பேனரில் ஒரு நல்ல குணம் இருந்தது. எழுத்துக்குக் கூலி. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் ஆகும் என்பதால் பார்ட்டியே சொல்லைக் குறைப்பார். யார், என்ன, எங்கே, என்றைக்கு. முடிந்தது. பிளெக்ஸில் 32 முகம் போட்டாலும் ஒரு முகம் போட்டாலும் சதுர அடிக்கு ஒரே ரேட். அதனால்தான் முகம் பெருகியது, முகம் பெருகியதால் சைஸ் பெருகியது. தம்பி கோரல், சைஸைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் முகத்தைக் குறைக்கிற வழியைப் பாருங்கள்.

---

வைகைக்கரை

தூரிகை ஐயா சொன்னதுதான் சரியான இடம்.

கோரல் தம்பி, பார்ட்டியிடம் மண், காற்று, வருங்காலம் என்று நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கொட்டேஷனைத்தான் மாற்றினேன். முன்பெல்லாம் "பேனர் என்ன சைஸ்?" என்று கேட்போம், அவர் வாயில் வருகிற சைஸைப் போடுவோம். இப்போது "எங்கே கட்டுறீங்க, எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கணும்?" என்று கேட்கிறேன். தெருவுக்குள் கட்டுகிற வீட்டு விசேஷத்துக்கு 10க்கு 8 எதற்கு? 6க்கு 4 போதும் என்று ஒரு மாதிரியை அவர் போனுக்கே அனுப்பி, தெரு போட்டோவில் ஒட்டிக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். சதுர அடி 80லிருந்து 24க்கு இறங்குகிறது. பிரிண்ட் காசு குறைகிறது என்பதால் டிசைன் கூலியைத் தனியாகக் கேட்கவும் முடிகிறது. பிளெக்ஸ் கடைகளில் டிசைன் இலவசம் என்று பழக்கிவிட்டதுதான் நம் தொழிலுக்கு விழுந்த பெரிய அடி. டிசைன் இலவசம், சதுர அடிக்குக் காசு என்றால் பெரிய சைஸ் விற்பதைத் தவிர நமக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது.

இரண்டாவது, வருஷம் போடாதே. சித்திரைத் திருவிழாவுக்கு மோர்ப்பந்தல், தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், மண்டகப்படி என்று எத்தனை பேனர் அடிக்கிறோம். அழகர் வருஷா வருஷம் அதே வழியில்தான் ஆற்றுக்கு வருகிறார். உபயதாரர் அதே குடும்பம், கட்டுகிற இடம் அதே மரம். மாறுவது தேதி மட்டும். ஆனால் தேதியை நட்ட நடுவில் இவ்வளவு பெரிதாகப் போட்டு, அடுத்த வருஷத்துக்கு உதவாமல் செய்வது நம் டிசைன்தான். தேதியைக் கீழே ஒரு பட்டையில் தனியாக வைத்து, அந்தப் பட்டையைத் தனித் துண்டாக ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) போட்டுக் கட்டினால் மேல்துண்டு வருஷக்கணக்கில் வரும். அப்படி உழைக்கிற மேல்துண்டை துணியிலேயே செய்யச் சொல்லலாம், விலை கட்டுப்படியாகும். கோயில் கமிட்டிக்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். செலவுக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டியவர்கள் அல்லவா.

பிறந்தநாள் அண்ணன்களுக்கு இது நடக்காது. தெரியும்.

---

தையல்மெஷின்

பை பற்றி நான் சொல்கிறேன். தாம்பூலப் பை, கடைப் பை தைத்துக் கொடுக்கிறோம்.

"துணிப் பை மாதிரியே இருக்கே, விலையும் கம்மி" என்று எல்லோரும் கேட்கிற நான்-ஓவன் பை துணியே கிடையாது. பாலிப்ரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் வந்த தடையில் அதுவும் இருக்கிறது. ஆனாலும் டிசைனர்கள் அதன்மேல் ஒரு பச்சை இலை போட்டு "பூமியைக் காப்போம்" என்று எழுதி அனுப்புகிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, நிஜத் துணிக்கு வருவோம். மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து ஆர்டர் நன்றாகவே வருகிறது. இங்கே டிசைனருக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று மை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தடிமனாக, ரப்பர் மாதிரி நிற்கிற பிளாஸ்டிசால் மை இருக்கிறதே, அதுவும் பிவிசிதான். பருத்திப் பை வாங்கி அதன் நெஞ்சில் பிளெக்ஸை ஒட்டிய கதை. தண்ணீர் சார்ந்த பிக்மென்ட் மை வெளிர் துணியில் நன்றாகப் பிடிக்கும், மஞ்சளில் சிவப்பும் பச்சையும் அருமையாக வரும். அடர்நிறத் துணி கேட்டு அதில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால்தான் பிளாஸ்டிசாலுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே கறுப்புப் பை கேட்காதீர்கள். பெரிய நிறப் பரப்பும் வேண்டாம், துணி விறைத்துப் போகும்.

இரண்டாவது, பையில் மணமக்கள் போட்டோ. யாருடைய கல்யாணப் போட்டோவையோ தூக்கிக்கொண்டு காய்கறி வாங்க யாரும் போக மாட்டார்கள். பெயர் சின்னதாக ஓர் ஓரத்தில் இருந்தால் போதும், மீதி இடத்தில் ஒரு கோலமோ சுங்குடிப் புள்ளியோ இருக்கட்டும். அப்போதுதான் பை வீட்டை விட்டு வெளியே வரும்.

---

நாலுகலர்

தையல்மெஷின் மேடம், பருத்தி என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடக் கூடாது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் போட்ட கணக்கில், கடையில் கொடுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால் பருத்திப் பையைக் காலநிலை பாதிப்புக்கு மட்டுமே 52 முறையாவது திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. மற்ற எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு பை கொடுத்து, வீட்டில் 40 பை அடுக்கி வைத்திருந்தால் அது வேறு வகைக் குப்பை.

---

தையல்மெஷின்

அந்தக் கணக்கை நானும் படித்திருக்கிறேன் சார். பை ஓடையில் அடைப்பது, மாடு தின்பது இதெல்லாம் அதில் சேராது. டென்மார்க்கில் அந்தப் பை கடைசியில் குப்பைத்தொட்டி உறையாகி எரிஉலைக்குப் போகிறது, இங்கே எங்கே போகிறது என்று நமக்கே தெரியும். ஆனால் 52 முறை என்பது நியாயமான பேச்சு. அதனால்தான் போட்டோ வேண்டாம் என்கிறேன். நாங்கள் புதுத் துணியையும் குறைத்துக்கொண்டு வருகிறோம். ரெடிமேட் தைப்பவர்களிடம் மிஞ்சும் வெட்டுத் துண்டு, பழைய வேட்டி, சேலை. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு நிறத்தில் வரும். டிசைனர்தான் "எல்லாம் ஒரே ஷேடாக இருக்கணும்" என்று அடம்பிடிக்கிறார், பார்ட்டி இல்லை.

---

தறிநூல்

சுங்குடிப் புள்ளி என்று பேச்சு வந்ததால் ஒரு வரி. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற அசல் வேலைக்கும், மெழுகு அச்சு வைத்துப் புள்ளி எடுப்பதற்கும், வெறும் பிரிண்டுக்கும் தண்ணீர்ச் செலவு வேறு வேறு. ஒரு சேலைக்கு நாலு நிறம் என்று வரைந்தால் நாலு தோய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் அலசல். இரண்டு நிறத்துக்குள் அழகு காட்டுகிறவர்தான் கெட்டிக்காரர். பழைய சுங்குடி பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. சாயத் தண்ணீர் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூரும் நொய்யலும் இருக்கின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் டிசைனர்களில் பலருக்குச் சாயம் எங்கே போகிறது என்பதே தெரிந்தது.

---

செங்கல்_கட்டு

கட்டடக்காரர்களையும் சேர்த்துக்கொள்வீர்களா? நான் வீடு வரைகிறவன்.

பிளெக்ஸுக்கு நீங்கள் சொல்கிற முகம் மாதிரி எங்களுக்கு எலிவேஷன். உள்ளே வெயில் காய்ந்தாலும் பரவாயில்லை, முன்பக்கம் கண்ணாடியும் ஏசிபியும் வேண்டும். ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பெரும்பாலும் பாலிஎத்திலீன். மதுரையில் மேற்குச் சுவரில் அதை ஒட்டிவிட்டு, உள்ளே ஏசி போட்டு, கரன்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிறார்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இங்கேயும் நன்றாகவே நடக்கும். செங்கலை நிமிர்த்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி வரை மிச்சம், நடுவில் இருக்கிற காற்று வெப்பத்தையும் மட்டுப்படுத்தும். ஆனால் "இடைவெளி விட்டால் பலம் இருக்குமா?" என்று கேட்கும் வீட்டுக்காரரை விட, "இதெல்லாம் எனக்கு ஓடாது சார்" என்கிற கொத்தனாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். அவருக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டப் பழகக் கூலி கொடுத்துவிட வேண்டும். அந்தக் கூலியை எஸ்டிமேட்டிலேயே போட்டுவிடுகிறேன். பழைய கதவு, நிலை, தூண் காரைக்குடிப் பக்கம் கிடைக்கிறது. வாங்கி வந்தபின் அளவுக்கு ஏற்ப பிளானை மாற்றுங்கள், கதவை அறுக்காதீர்கள்.

---

கோரல்_அடிமை

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். அளவைக் கேட்கும் விதம், தேதிப் பட்டை இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது, பார்ட்டிக்குக் காசு மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

ஒரு சந்தேகம். ஒரு ஸ்வீட் கடைக்காரர் மக்கும் கவர் வாங்கிவிட்டார், அதில் "100 சதவீதம் இயற்கைக்கு உகந்தது" என்று போட்டு இலை சின்னம் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?

---

நாலுகலர்

எழுத்துப்பூர்வ ஆதாரம் கேட்காமல் வைக்காதீர்கள். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கிற பலதும் தொழிற்சாலை உரக்கிடங்கில், 60 டிகிரி ஒட்டிய சூட்டில்தான் மக்கும். ஓடையில் கிடந்தால் சாதாரணக் கவர் போலவே கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரத்துக்குச் சோதித்த சான்று இருக்கிறதா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் "தொழிற்சாலை முறையில் மக்கும்" என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பொய்விளம்பரத்துக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது. ஆதாரமில்லாமல் "இயற்கைக்கு உகந்தது", "பசுமை" என்று போடக் கூடாது. விளம்பர ஏஜென்சியும் அதன் வரம்பில் வருகிறது. கடைக்காரரிடம் இதைக் காட்டினால் அவரே இலையை எடுக்கச் சொல்லிவிடுவார்.

---

கல்லூரிக்காரி

விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு. போர்ட்ஃபோலியோவில் இந்த மாதிரி வேலையை எப்படிக் காட்டுவது? முன்பு 80 சதுர அடி, இப்போது 24 என்று சொன்னால் வேலை கொடுப்பவர் கண்டுகொள்வாரா?

---

வைகைக்கரை

கண்டுகொள்வார் அம்மா, ரூபாயில் சொன்னால். படத்தோடு பக்கத்தில் பிரிண்ட் செலவு முன், பின் என்று போடு. ஷீட்டுக்கு எட்டு விழுகிற மாதிரி அளவை மாற்றிய கார்டு ஒன்று இருந்தால் அந்த ஷீட் லேஅவுட்டையும் போடு. பிரஸ்ஸில் நின்று வேலை பார்த்த பெண் என்று அதுவே சொல்லிவிடும். அறிக்கை மாதிரி நீளமாக எழுதாதே.

---

கோரல்_அடிமை

சித்திரைக்கு ஒரு மோர்ப்பந்தல் வேலை வரப் போகிறது, போன வருஷம் பிளெக்ஸ் அடித்த அதே கமிட்டி. துணியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என் சால்வென்ட் மை பிளெக்ஸ் மெஷினில் சாதாரணக் காடாத் துணி ஓட்டினால் மை பரவிவிடும். ஒரே பேனருக்கு ஸ்கிரீன் போட்டால் கட்டுப்படியாகாது. என்ன செய்ய?

---

பழைய_தூரிகை

நான் எழுதித் தருகிறேன் தம்பி. நீங்கள் கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, அசல் அளவில் காகிதத்தில் கோட்டுருவம் மட்டும் எடுத்துக் கொடுங்கள். அதில் ஊசியால் துளை குத்தி, கரித்தூள் தட்டித் துணியில் இறக்கிக்கொள்வேன். உங்கள் எழுத்து வடிவம் அப்படியே வரும். காடாத் துணியைக் கஞ்சி போக அலசிக் காய வைத்துத் தாருங்கள், இல்லையென்றால் முதல் மழையில் சுருங்கி எழுத்து கோணிவிடும். தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் பெயிண்ட் போதும், எனாமல் வேண்டாம். தேதிப் பட்டைக்குத் தனித் துண்டு ஒன்றரை அடி.

---

கோரல்_அடிமை

சரி ஐயா. 8க்கு 4, பட்டை தனி. அழகர் படம் ஒன்று, மீதி எழுத்து மட்டும். கமிட்டித் தலைவர் முகம் எங்கே என்று கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன், நீங்களே பேசுங்கள்.

---

பழைய_தூரிகை

கொடுங்கள். அவர் முகத்தைக் கையால் வரைய என்ன கூலி என்று சொல்கிறேன், அவரே வேண்டாம் என்பார்.